மண் சுமக்கும் ஆறு

பாசிகாட்டில் சியாங் ஆற்றங்கரைக்கு இறங்குகிறவர், தண்ணீரைத் தொடுவதற்குள் கற்களின்மேல் நெடுந்தொலைவு நடந்தாக வேண்டும். இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத பாறைகள், ஒற்றைக் கையால் தூக்கிவிடக்கூடிய குண்டுக்கற்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் கூழாங்கற்கள் என்று கரை முழுக்கக் கிடக்கின்றன. ஒன்றுக்கும் கூர்முனை கிடையாது. குளிர்காலமாதலால் ஆறு ஒடுங்கி, பச்சை நிறத்தில், அடியில் கிடப்பது தெரியும்படி ஓடிக்கொண்டிருந்தது. “ஜூலையில் வாருங்கள். ராத்திரி படுத்தால் ஆற்றுக்குள் கல்லும் கல்லும் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும்” என்றார் கரையில் தேநீர்க் கடை வைத்திருந்த ஆதி இனப் பெண்மணி.

பாசிகாட், அருணாசலப் பிரதேசத்தின் மிகப் பழைய நகரம். 1911இல் ஆங்கிலேயர் காலத்தில் உருவானது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரம்தான். ஊருக்கு வடக்கே அண்ணாந்து பார்க்க வைக்கும் மலைகள். தெற்கே கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. மலைக்குள் எதையும் உருட்டிக்கொண்டு வரும் ஆறு, இங்கே வந்ததும் வேகம் தணிந்து, சுமையில் கனமானதை முதலில் இறக்கிவிடுகிறது. பிறகு கூழாங்கல், அதற்கடுத்து மணல், கடைசியில் வண்டல். கீழே போய்ப் பிரம்மபுத்திரா ஆகும் இந்த ஆறு, பாசிகாட்டிலிருந்து வங்கதேச எல்லையிலுள்ள துப்ரி வரை எங்கெங்கே எதை இறக்கிவைக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் என் திட்டம்.

சுமை ஏற்றப்படும் இடம் திபெத். மானசரோவருக்குத் தென்கிழக்கே, 5,000 மீட்டருக்கும் மேலே பனியாறுகளில் யார்லுங் சாங்போ என்ற பெயரில் தொடங்கும் இதே ஆறு, இமயத்தின் வடபுறத்தில் 1,600 கி.மீ. அளவுக்குக் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. அது மழை மறைவுப் பிரதேசம். வறண்டு அகன்ற பள்ளத்தாக்கு. சில இடங்களில் கரையோரம் மணற்குன்றுகள்கூட உண்டு. பிறகு 7,782 மீட்டர் உயரமுள்ள நாம்சா பர்வா சிகரத்தைச் சுற்றிக்கொண்டு ஆறு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் இருப்பது உலகின் மிக ஆழமான மலையிடுக்குகளில் ஒன்று. அதற்குள் ஆறு 2,000 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. மலை வேகமாக வளர, ஆறும் ஈடுகொடுத்து அதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பரப்பளவில் மிகச் சிறிய இந்த ஒரு மூலையிலிருந்துதான், இமயத்திலிருந்து பிரம்மபுத்திரா கொண்டுவரும் வண்டலில் ஏறத்தாழ பாதி கிளம்புகிறது. ஆற்றுமணலில் கலந்துள்ள ஸிர்க்கான் படிகங்களின் வயதைக் கொண்டு புவியியலாளர்கள் போட்ட கணக்கு இது.

திபெத்தில் கிழக்கே ஓடி மறையும் சாங்போதான் அசாமில் மேற்கே ஓடும் பிரம்மபுத்திராவா என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை தீராத சந்தேகமாக இருந்தது. அதைத் தீர்க்க 1880இல் இந்திய நில அளவைத் துறை ஒரு லாமாவையும், அவருக்குத் துணையாகச் சிக்கிமைச் சேர்ந்த கிந்துப் என்ற தையற்காரரையும் திபெத்துக்குள் அனுப்பியது. குறியிட்ட கட்டைகளைச் சாங்போவில் மிதக்கவிட வேண்டும். அவை அசாமில் வந்து சேர்கின்றனவா என்று அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். போன இடத்தில் லாமா கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு நடையைக் கட்டினார். தப்பியோடி ஒரு மடாலயத்தில் அடைக்கலம் புகுந்த கிந்துப், தீர்த்த யாத்திரை போவதாக விடுப்புக் கேட்டுக்கேட்டு வந்து 500 கட்டைகளை வெட்டி ஒளித்துவைத்தார். எந்தத் தேதியில் அவற்றை ஆற்றில் விடப்போகிறார் என்று லாசாவிலிருந்து கடிதமும் எழுதி அனுப்பினார். சொன்னபடி நாளுக்கு 50 வீதம் பத்து நாள் விட்டார். அவரை அனுப்பிய கேப்டன் ஹார்மன் அதற்குள் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டே போயிருந்தார். கீழே கட்டைகளை எதிர்பார்த்து ஒருவரும் நிற்கவில்லை. 1884இல் ஊர் திரும்பிய கிந்துப் சொன்னதைப் பலர் நம்பவும் இல்லை. 1913இல் ஆங்கிலேய அதிகாரிகளான பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அதே வழியில் நடந்து பார்த்த பிறகுதான், எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் நினைவிலிருந்து சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி என்பது உலகுக்குத் தெரிந்தது.

மேலே நடப்பது கீழே எப்படி வந்து சேரும் என்பதற்குப் பாசிகாட் மக்கள் இன்னொரு கதை வைத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் திபெத்தின் யிகோங் ஆற்றில் ஒரு மலைச்சரிவு விழுந்து ஓட்டத்தை அடைத்தது. தேங்கிய நீர் ஜூன் மாதம் அடைப்பை உடைத்துக்கொண்டு சாங்போ வழியாகச் சியாங்கில் இறங்கியது. மழையே இல்லாமல் வந்த வெள்ளத்தில் பாலங்கள் போயின, உயிர்களும் போயின. ஆதி மக்கள் இந்த ஆற்றைத் தாய் என்றுதான் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தத் தாயை நம்பிக் கரையோரம் படுப்பதில்லை.

பாசிகாட்டைத் தாண்டியதும் சியாங்கோடு திபாங்கும் லோகித்தும் வந்து சேர்கின்றன. அதன் பிறகே பெயர் பிரம்மபுத்திரா; அசாமியர் வாயில் லுயித். பனி உருகி வருவதைவிட மழை கொண்டுவருவதுதான் இந்த ஆற்றில் மிகுதி. வங்கக் கடலிலிருந்து வரும் மேகங்கள் கிழக்கு இமயத்தில் முட்டிக் கொட்டுவது முழுவதும் இந்தப் பக்கத்துச் சரிவுகளில்தான். குவாஹாத்தியை ஒட்டிய பாண்டு என்ற இடத்தில் ஆற்றின் சராசரி ஓட்டம் நொடிக்கு 16,000 முதல் 18,000 கன மீட்டர். நமக்குப் பழகிய கணக்கில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 டி.எம்.சி. காவிரிப் படுகை முழுவதற்குமாக நடுவர் மன்றம் ஓராண்டுக்கு வகுத்த 740 டி.எம்.சி., இங்கே சுமார் இரண்டு வாரத்தில் ஓடிவிடுகிறது. அந்தத் தண்ணீரோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 கோடி டன் வண்டலும் பாண்டுவைக் கடக்கிறது. அசாமின் கதையைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்.

சதியா பக்கம் லோகித்தின்மேல் 2017இல் திறந்த பூபேன் ஹசாரிகா பாலம் 9.15 கி.மீ. நீளம். குளிர்காலத்தில் அதன்மேல் போனால் பாதித் தூரத்துக்குக் கீழே மணல்தான் தெரிகிறது. பழைய சதியா நகரம் இப்போது இல்லை. 1950 ஆகஸ்ட் 15, விடுதலையின் மூன்றாம் ஆண்டு நாள் மாலையில், 8.6 அளவுள்ள நிலநடுக்கம் இந்த மூலையை உலுக்கியது. பதிவான நிலநடுக்கங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. மலைச்சரிவுகள் அப்படியே கழன்று ஆறுகளுக்குள் விழுந்தன. பிரம்மபுத்திராவின் மிகப் பெரிய துணையாறான சுபன்சிரி அடைபட்டு, எட்டு நாள் கழித்து உடைத்துக்கொண்டு கீழே உள்ள ஊர்களை வாரிக்கொண்டு போனது. அன்று ஆற்றில் விழுந்த மண் அதற்குப் பின் ஆண்டுக்கணக்காகக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. திப்ருகரில் ஆற்றின் படுகை ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர்ந்துவிட்டது.

படுகை உயர்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில் போகும். தேயிலைப் பணத்தில் செழித்த திப்ருகர் நகரத்தில் ஒரு பெரும் பகுதியை 1950களில் ஆறு எடுத்துக்கொண்டது. மிச்சமுள்ள ஊரைக் காக்கக் கல்லடுக்கி எழுப்பிய கரை இன்று மாலை நடைக்குப் போகும் இடம். அதன்மேல் நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தெருக்கள். மழைக்காலத்தில் ஆற்றின் நீர்மட்டம் தெருக்களைவிட மேலே நிற்கும். ஊர்ச் சாக்கடை ஆற்றுக்குள் இறங்க முடியாமல் மதகுகளை மூடிவைக்க வேண்டியிருக்கும். கரையில் வறுத்த கடலை விற்ற முதியவர், நடு ஆற்றைக் கைகாட்டி, தன் அப்பா படித்த பள்ளிக்கூடம் அங்கே இருந்தது என்றார். அவர் காட்டிய இடத்தில் ஒரு விசைப்படகு போய்க்கொண்டிருந்தது.

1954இல் தேசிய வெள்ளக் கொள்கை வந்த பிறகு அசாமெங்கும் வெள்ளத் தடுப்புக் கரைகள் எழும்பின. இன்று அவற்றின் நீளம் 4,000 கி.மீ.க்கும் அதிகம். கரைகளால் பல ஊர்கள் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் முன்பு வயல்வெளியெங்கும் பரவிப் படிந்த வண்டல் இப்போது இரு கரைகளுக்கு நடுவிலேயே தங்கி, படுகையை மேலும் உயர்த்துகிறது. கரை ஓரிடத்தில் உடைந்தால் தண்ணீரோடு மணலும் வயலுக்குள் பாய்கிறது. தேமாஜி மாவட்டத்தில் அப்படிப்பட்ட வயல்களைப் பார்த்தேன். நெல் விளைந்த நிலம் முழங்கால் உயரம் வெள்ளை மணலுக்கு அடியில் கிடந்தது. வெள்ளம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். மணல் வடியாது. அந்த வயலுக்குரியவரின் மகன்கள் இப்போது வேறு மாநிலத்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

ஜோர்ஹாட்டுக்கு அருகிலுள்ள நிமாட்டி படித்துறையிலிருந்து மாஜுலிக்குப் படகு. மோட்டார் சைக்கிள்கள், கார்கள், காய்கறி மூட்டைகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில். படித்துறை என்ற பெயர்தான், படி ஒன்றும் கிடையாது. கரை அரிக்க அரிக்க மூங்கில் தட்டிகளைப் பெயர்த்து வேறிடத்தில் போட்டுக்கொள்கிறார்கள். படகோட்டி நேராக எதிர்க்கரைக்குப் போகவில்லை. போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் திட்டு எழுந்திருக்கும். ஆற்றின் மேல்பரப்பில் நெளியும் சுருக்கங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறார். “மேப் எங்களுக்கு உதவாது. அச்சடிச்சு வர்றதுக்குள்ள ஆறு நகர்ந்துடும்” என்றார்.

மாஜுலி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுர கி.மீ.க்கு மேல் பரப்புள்ள தீவாக இருந்தது. இப்போது எஞ்சியிருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. 2016இல் இது இந்தியாவின் முதல் ஆற்றுத்தீவு மாவட்டமாகவும் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் சங்கரதேவரும் அவருடைய சீடர் மாதவதேவரும் சந்தித்துக்கொண்டது இந்தத் தீவில் என்பது மரபு. அவர்கள் பரப்பிய வைணவத்தின் மடங்களான சத்திரங்கள் இங்கே ஒரு காலத்தில் அறுபதுக்கு மேல் இருந்தன. ஆறு அரிக்க அரிக்கப் பல சத்திரங்கள் தெய்வத் திருமேனியையும் ஏடுகளையும் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. தங்கிய சத்திரங்களில் பாட்டும் கூத்தும் தடையின்றி நடக்கின்றன.

மாஜுலியில் ஆற்றின் சுமை குழைந்த களிமண்ணாகிவிடுகிறது. அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் இரண்டு இடங்களில் கிடைத்தார்கள். சால்மோரா ஊரில் பெண்கள் சக்கரம் இல்லாமல், கையாலேயே தட்டித் திருகிப் பானை வனைகிறார்கள். மண் ஆற்றங்கரையில் ஆழமாகத் தோண்டி எடுப்பது. சூளைக்கு விறகு, வெள்ளத்தில் மிதந்து வரும் மரங்கள். வனைந்த பானைகள் படகேறிப் போய் நெல்லாகத் திரும்பி வந்த காலமும் உண்டு. சாமகுரி சத்திரத்தில் மூங்கில் பின்னலின்மேல் துணியும் களிமண்ணும் சாணமும் பூசி முகமூடி செய்கிறார்கள். ராவணனும் பூதனையும் சுவரில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கலைக்காக ஹேம் சந்திர கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மறு ஆண்டே முகமூடிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தீவின் மிசிங் இன மக்கள் ‘சாங் கர்’ எனப்படும் பரண் வீடுகளில் இருக்கிறார்கள். மூங்கில் கால்கள்மேல் ஆளுயரத்தில் தளம். கீழே தறி, பன்றி, கோழி. வெள்ளம் வந்தால் கீழே இருப்பதெல்லாம் மேலே வரும், தறி உட்பட. நான் தங்கிய வீட்டு அம்மாள் ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் தளத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வதாகச் சொன்னார். “தண்ணிக்குப் பயமில்லை தம்பி, அது வரும், போகும். கரை இடிஞ்சாத்தான் பயம். வீட்டைத் தூக்கிட்டுப் போகலாம், நிலத்தைத் தூக்கிட்டுப் போக முடியுமா?” அசாம் முழுக்க 1950க்குப் பின் ஆற்றில் போன நிலம் 4.27 லட்சம் ஹெக்டேர் என்கிறது மாநில நீர்வளத் துறை. மாநிலப் பரப்பில் அது ஏழு விழுக்காட்டுக்கு மேல்.

எடுத்ததை ஆறு எங்கோ கொடுக்கவும் செய்கிறது. ஜோர்ஹாட் பக்கம் கோகிலாமுக் அருகே ஒரு வெற்று மணல்திட்டில் 1979 முதல் ஜாதவ் பாயேங் தனி ஆளாக மரம் நட்டு வளர்த்தது இன்று 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு. யானைக் கூட்டமே வந்து தங்கிப் போகிறது. கீழே காசிரங்காவில் 2022 கணக்கெடுப்பின்படி 2,613 ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள். அவற்றின் புல்வெளி ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தால் உயிர்வாழ்கிறது. புது வண்டல் படியாமலும், ஏரிகளை வெள்ளம் அலசிவிடாமலும் போனால் புல் மறைந்து புதர்க்காடாகிவிடும் என்கிறார்கள் வனத்துறையினர். வெள்ளம் மிஞ்சினால் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைக்கு ஏற வேண்டும். அந்த நாட்களில் அங்கே வண்டிகளின் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

குவாஹாத்தியில் ஆறு அடங்கி ஓடுகிறது. இரு பக்கமும் கெட்டிப் பாறைக் குன்றுகள். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து வந்த நீர், சராய்காட்டில் 1.2 கி.மீ.க்குள் நுழைந்தாக வேண்டும். 1671இல் லாசித் போர்புகனின் அகோம் படை முகலாயக் கப்பற்படையை மடக்கியது இந்த இடுக்கில். பிரம்மபுத்திராவின் முதல் பாலம் 1962இல் எழும்பியதும் இங்கேதான். நடு ஆற்றுப் பாறைத் தீவில் 1694இல் கட்டிய உமானந்தா கோயில், நிலநடுக்கத்தில் சிதைந்து மீண்டும் எழுப்பப்பட்டு, அதே இடத்தில் இன்னும் நிற்கிறது. அசாமில் ஆற்றுக்கு நடுவே மூன்று நூற்றாண்டு ஒரே இடத்தில் கோயில் நிலைக்க வேண்டுமென்றால் அடியில் மண் இருக்கக் கூடாது, பாறை இருக்க வேண்டும்.

துப்ரிக்கு வரும்போது ஆறு கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. திப்ருகரிலிருந்து இதுவரை கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் சரிவு மட்டுமே. அதனால் எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, நடுவே ‘சர்’ எனப்படும் திட்டுகளை விட்டுச் செல்கிறது. சர்களில் லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். சணல், கடுகு, சோளம், உளுந்து விளைகிறது. தகரக் கூரை, சணற்குச்சித் தட்டி; ஒரே நாளில் கழற்றிப் படகில் ஏற்றிவிடும்படியான வீடுகள். மருத்துவப் படகுகளும் இங்கே வந்துபோகின்றன.

கழற்ற முடியாதது ஒன்றே ஒன்று, பத்திரம். நிலம் ஆற்றில் போனதும் பட்டாவுக்குப் பொருளில்லை. புதிதாக எழுந்த திட்டுக்கு அளவையே நடந்திருக்காது. 2019 ஆகஸ்டில் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் அசாமில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள். ஊர் விட்டு ஊர் பெயர்ந்த சர் மக்களுக்கு, தாத்தா எங்கே குடியிருந்தார் என்பதைத் தாளில் காட்டுவது பெரும்பாடாக இருந்தது. ஒரு விவசாயி பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். அதில் குறிப்பிட்டிருந்த கிராமம் அவர் சின்னப் பையனாக இருந்தபோதே கரைந்துபோய்விட்டது.

துப்ரிக்குக் கீழே ஆறு வங்கதேசத்துக்குள் போய் ஜமுனா ஆகிறது. அந்தப் பாதையே புதியது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ரென்னல் வரைந்த வங்காள வரைபடத்தில் பிரம்மபுத்திரா மைமன்சிங் வழியாகக் கிழக்கே ஓடுகிறது. 1787இல் தீஸ்தா ஆறு பெருவெள்ளத்தில் தடம் மாறி வந்து சேர்ந்ததை ஒட்டி, சில பத்தாண்டுகளில் பெரிய ஓட்டம் முழுவதும் மேற்கே நகர்ந்துவிட்டது. பின்னர் கங்கையோடும் மேக்னாவோடும் கலந்து கடலை அடைகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண் கொண்டுவருகின்றன. வங்கதேசம் என்ற நாட்டின் பெரும்பகுதி அந்த மண்ணால் ஆனது. எஞ்சியது கடலடியில் 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறியாகப் பரந்து, இலங்கையைக் கடந்து நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை போயிருக்கிறது. சென்னைக்குக் கிழக்கே ஆழ்கடல் தரையில் படிந்திருப்பதும் இமயத்து மண்தான்.

2025 ஜூலையில் சீனா, நாம்சா பர்வாவைச் சுற்றும் அந்தப் பெரிய திருப்பத்தில் ஏறத்தாழ 60,000 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கான பணிகளைத் தொடங்கியது. அதற்கு ஈடாகச் சியாங்கில் 11,000 மெகாவாட் அணை வேண்டும் என்கிறது இந்தியத் தரப்பு. தங்கள் ஊர்கள் மூழ்கும் என்று ஆதி மக்கள் எதிர்க்கிறார்கள். இந்தப் பேச்சில் அடிபடுவதெல்லாம் தண்ணீர்தான்: சீனா நிறுத்திவிடுமா, திடீரெனத் திறந்துவிடுமா? திறந்துவிடுவது பற்றிய அச்சத்துக்கு 2000ஆம் ஆண்டின் யிகோங் வெள்ளமே சாட்சி. ஆனால் ஆற்றின் நீரில் பெரும்பங்கு எல்லைக்கு இப்பால் பெய்யும் மழை. அதை யாரும் நிறுத்த முடியாது. மண் அப்படியல்ல. அதன் முக்கிய ஊற்று அணை கட்டப்படும் அதே திருப்பம். அணையில் எவ்வளவு மண் தங்கும் என்பது கட்டும் விதத்தைப் பொறுத்தது. தங்கினால், சுமையற்று வரும் நீர் கீழே உள்ள கரைகளை அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்ளும். கழிமுகத்துக்கு ஆண்டுதோறும் சேரும் நிலமும் குறையும், அதுவும் கடல்மட்டம் ஏறிவரும் காலத்தில்.

வெள்ளக் காலத்தில் நீர்மட்டம், ஓட்டம், மழையளவு ஆகியவற்றைச் சீனா இந்தியாவுக்குத் தெரிவிக்க 2002இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. புதுப்பிக்கப்பட்டு வந்த அது 2023இல் காலாவதியானது. எத்தனை டன் மண் வருகிறது என்ற கேள்வி அதில் இடம்பெறவே இல்லை. அடுத்த உடன்பாட்டில் மண்ணின் கணக்கும் இருக்க வேண்டும். அந்த மேசையில் வங்கதேசமும் உட்கார வேண்டும். இந்தியாவும் சியாங்கிலும் சுபன்சிரியிலும் தான் கட்டுகிற, கட்ட நினைக்கிற அணைகளுக்கு அதே கணக்கைக் காட்டியாக வேண்டும். தண்ணீரை மட்டும் அளந்து பிரம்மபுத்திராவைப் பங்குபோடுகிறவர்கள் ஆற்றில் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.